லீவு டீச்சர் செய்த விளையாட்டு

என் அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு டீச்சர் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பேன். யாராவது லீவு போட்டால் அண்ணிக்கு வேலை. யாரும் போடாவிட்டால் அண்ணிக்கு லீவு, அதாவது சம்பளமில்லாத லீவு. காலை ஏழேகாலுக்கு போன் அடிக்கும். கணக்கு என்றால் கணக்கு, வரலாறு என்றால் வரலாறு, விளையாட்டு வகுப்பு என்றால் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்பார். இப்படியே பதினேழு வருஷம். ஆசிரியர் அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. அன்றைக்கு யார் வரவில்லையோ அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அந்த மேஜையில் இருக்கும் பேனாவைக்கூடத் தொடமாட்டார்.

நான் அதே பள்ளியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்வது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முப்பது மிஷினையும் காலையில் போட்டு, சாயங்காலம் அணைத்து, நடுவில் பிள்ளைகள் கீபோர்டிலிருந்து பிடுங்கிப் போட்ட எழுத்துகளைத் தேடிப்பிடித்து ஒட்டவைப்பது. கட்டிக்கொடுத்த வீடு ஒத்துவராமல் நான் ஒற்றைப் பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, என்ன ஆச்சு ஏது ஆச்சு என்று அண்ணன்தான் துளைத்தெடுத்தான். அண்ணி ஒரு கேள்வி கேட்கவில்லை. "முதல்ல உள்ள வா, சாப்பிடு" என்றார். ஒன்பது வருஷமாகிறது. இன்றுவரை கேட்கவில்லை. அதனால் அண்ணி விஷயத்தில் நான் நடுநிலையாகப் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

போன வருஷம் கோடை விடுமுறைக்கு முன்னால் பள்ளியில் ஓர் அறிவிப்பு வந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை உருவாக்கக் கற்றுத்தரும் பயிற்சி, விடுமுறையில் நான்கு வாரம், எங்கள் லேபிலேயே. ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஓர் ஆசிரியர், இரண்டு மாணவர்கள் சேர்ந்து ஒரு குழு. கடைசி நாளில் ஒவ்வொரு குழுவும் ஒரு விளையாட்டைச் செய்து காட்ட வேண்டும். பள்ளி திறந்ததும் இது ஒரு பாடமாகவே வரப்போகிறது, அதற்கு ஒரு நிரந்தர ஆசிரியர் இடம் இருக்கிறது, பயிற்சியில் முதலாவதாக வருபவருக்கு அந்த இடம் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது.

ஐந்து ஆசிரியர்களின் பெயர்களை அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவர் சயின்ஸ் டீச்சர். பயிற்சி தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது அவருடைய மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அவர் அந்த நேரமே ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஏழேகாலுக்கு அண்ணியின் போன் அடித்தது.

ஹெச்.எம். மேடம் அண்ணியை நேரில் வரச்சொல்லிப் பேசினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"இது உங்களுக்குத்தான் டீச்சர் அதிர்ஷ்டம். மத்த நாலு பேரும் ஏற்கெனவே பர்மனென்ட். அவங்களுக்கு அவங்கவங்க பாடம் இருக்கு, இதை விட்டா போதும்னு ஓடிடுவாங்க. நீங்க நல்லபடியா பண்ணா அந்த இடத்துக்கு உங்களத் தவிர வேற யாரு? பேர் பதிவுதான் முடிஞ்சுபோச்சு. இப்போதைக்கு சயின்ஸ் டீச்சர் லாகின்லயே உக்காருங்க. அப்புறம் மாத்திக்கலாம்."

அந்த 'அப்புறம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

அன்றைக்கு வீட்டில் அண்ணன், "பர்மனென்ட்டா? நிஜமாவே பர்மனென்ட்டா?" என்று மூன்று தடவை கேட்டான். சரக்கு வண்டி ஓட்டுகிறவன், கையெழுத்துப் போடாத எதையும் நம்பமாட்டான். அண்ணி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கிடைச்சா ஒரே க்ளாஸ்ல வருஷம் பூரா இருக்கலாம்ங்க. பள்ளிக்கூடம் தொறக்கறப்போ பாத்த பிள்ளைய பரீட்சை வரைக்கும் பாக்கலாம். ஒரு பிள்ளை கூட்டத் தெரியாம இருந்து, அப்புறம் கூட்ட ஆரம்பிச்சதை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. ரெண்டு நாள் பாப்பேன். மூணாவது நாள் அவங்க டீச்சர் வந்துடுவாங்க."

சம்பளம், நாற்காலி எல்லாம் பற்றி நான்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஆசைப்பட்டது இதற்குத்தான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பயிற்சி தரும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எல்லாரும் கோச் என்று கூப்பிட்டோம். அவள் எங்கள் ஆசிரியர்கள் ஐந்து பேரையும் ஒரே மாதிரி 'டீச்சர்' என்றாள், ஆணாக இருந்தால் 'சார்'. யாருடைய பெயரையும் அவள் கேட்கவில்லை. மரியாதை என்று நினைத்துச் செய்தாள். பெயர்ப் பட்டியல் அவளுடைய கம்ப்யூட்டரில் தானாகவே இருந்தது.

முதல் வாரம் பார்க்க வேண்டிய கூத்து. முப்பது வருஷம் பிள்ளைகளை உட்கார், எழுந்திரு என்று ஆட்டிவைத்தவர்கள் இப்போது அதே பிள்ளைகளோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்கு சார் வெளியே போக வேண்டுமென்று தன்னையறியாமல் விரலைத் தூக்கிவிட்டார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை கோச். எல்லாம் காகிதம்தான். அட்டைகளை வெட்டி, பாட்டில் மூடிகளைக் காய்களாக வைத்து, முதலில் மேஜையில் விளையாடிப் பார்க்க வேண்டும். அங்கே ஓடாதது திரையிலும் ஓடாது என்பாள்.

அண்ணியின் குழுவில் ஒரு பெண்ணும் ஒரு பையனும். பெண்ணுக்கு வாலு என்று பட்டப்பெயர், பொருத்தமான பெயர். பையன் தூங்குமூஞ்சி, ஆனால் முகம் வரையச் சொன்னால் அச்சு அசலாக வரைவான். வாலுவுக்குப் பேய் வேண்டும், ரத்தம் வேண்டும், வெடிக்க வேண்டும். கோச் அண்ணியைப் பார்த்து, "உங்களுக்கு நல்லா பழகின ஒரு கஷ்டம் சொல்லுங்க டீச்சர். அதுலேர்ந்துதான் நல்ல கேம் வரும்" என்றாள்.

அண்ணி கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியாத க்ளாஸுக்குள்ள நுழையறதுதான் எனக்குத் தெரிஞ்ச கஷ்டம்" என்றார்.

அதுதான் விளையாட்டாயிற்று. நீங்கள் ஒரு வகுப்புக்குள் நுழைகிறீர்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒருவர் பெயரும் தெரியாது. நாற்பது நிமிடம். அதற்குள் அந்த வகுப்பில் யாருக்கு உங்கள் உதவி தேவை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பிள்ளை காலையில் சாப்பிடவில்லை. ஒருத்தியின் நோட்டைப் பக்கத்திலிருப்பவன் ஒளித்துவைத்திருக்கிறான். ஒருவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை, வெளியே சொல்ல வெட்கம். நீங்கள் சத்தம் போட்டு அதட்டினால் வகுப்பு அடங்கிவிடும், ஆனால் முகங்கள் எல்லாம் கல்லாகிவிடும், ஒரு துப்பும் கிடைக்காது.

துப்புகளை அண்ணி ஒவ்வொன்றாகச் சொல்ல, வாலு அட்டையில் எழுதினாள். "முன்னால நின்னா ஒண்ணும் தெரியாது. பின் பெஞ்சுக்குப் போய் முதுகைப் பாக்கணும்." "நோட்டுல கடைசிப் பக்கத்தைத் திருப்பு. மனசுல இருக்கறது அங்கதான் இருக்கும்." "சாப்பிடாத பிள்ளை அடிக்கடி தண்ணி குடிக்கும்."

ஒயரைச் சுருட்டுகிற சாக்கில் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவும் தெரிந்த மனுஷி ஒரு நாள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்களும் ஒரு நாள் கேட்டதில்லை.

அடுத்தது சோதித்துப் பார்க்கும் கட்டம். வேறு குழுவிலிருந்து ஒருவர் வந்து விளையாடுவார். செய்தவர்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். 'அங்க இல்ல, இங்க' என்று ஒரு குறிப்பும் கொடுக்கக் கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது. எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆசிரியர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா! கணக்கு சார் இரண்டாவது நிமிஷமே விளையாடுகிற பையனின் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கிவிட்டார். தமிழ் டீச்சர் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டும் உம் உம் என்று ஓசை கொடுத்தார். அண்ணி மட்டும் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்தவர் வகுப்பில் அடக்கமாக இருந்து பழகியவர் அல்லவா.

ஆனாலும் முதல் சோதனையில் அண்ணியின் விளையாட்டு படுத்துவிட்டது. வாலுதான் போட்டு உடைத்தாள்.

"போர் அடிக்குது டீச்சர். யாருமே தோக்க மாட்டேங்கறாங்க. கண்டுபிடிக்கலைன்னாலும் நீங்களே கடைசியில சொல்லிடறீங்க."

"ஒரு பிள்ளை பசியோட வீட்டுக்குப் போற மாதிரி வைக்க எனக்கு மனசு வரலம்மா."

"நிஜத்துல போகுதே டீச்சர்?"

 மறுநாள் அண்ணி வந்து விளையாட்டின் முடிவை மாற்றினார். மணி அடிக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராக உங்களைத் தாண்டி வெளியே போவார்கள். நீங்கள் கவனிக்காமல் விட்ட பிள்ளை கடைசியாக வரும், வாசலில் ஒரு நொடி நின்று உங்களைப் பார்க்கும், போய்விடும். திட்டாது, அழாது. தூங்குமூஞ்சி அந்த முகத்தை அப்படி வரைந்திருந்தான். அதன்பிறகு விளையாடியவர் ஒருவர்கூட ஓர் ஆட்டத்தோடு எழுந்திருக்கவில்லை. கணக்கு சார் ஆறு தடவை விளையாடினார். ஆறாவது தடவை முடிந்ததும் வெளியே போய் நின்றுகொண்டார்.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன்.

இரண்டாவது வாரம், அட்டையிலிருந்து மிஷினுக்கு மாறிய முதல் நாள், கோச் என்னிடம் ஒரு தாள் கொடுத்தாள். "சயின்ஸ் டீச்சருக்குப் பதிலா வேற டீச்சர் வராங்கன்னு ஹெச்.எம். சொன்னாங்க. யாரு என்னன்னு இதுல நிரப்பி, ஹெச்.எம். சைன் வாங்கி, வெள்ளிக்கிழமைக்குள்ள எங்க ஆபீஸுக்கு அனுப்பிடுங்க" என்றாள். அன்றைக்குப் பார்த்து நெட் போய்விட்டது, முப்பது மிஷினும் முரண்டு பிடித்தது, ஆளாளுக்கு என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். தாளை டிராயரில் வைத்தேன். வைத்தது வைத்ததுதான். தினமும் காலையில் அண்ணியின் மிஷினில் சயின்ஸ் டீச்சர் பெயரை டைப் அடித்து உள்ளே போகவிட்டது நானேதான். ஒரு நாளாவது பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை. அந்தப் பெயர் என் கைக்குப் பழகிவிட்டது.

கடைசி நாள் வேறு பள்ளிப் பிள்ளைகள் வந்து விளையாடினார்கள். அண்ணியின் மிஷினுக்கு முன்னால்தான் வரிசை. கோச் அண்ணியைக் கட்டிக்கொண்டு, "டீச்சர், நான் பாத்ததுலயே இதுதான் பெஸ்ட்" என்றாள். அன்றைக்கு அண்ணி நடந்த நடையே வேறாக இருந்தது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. முதல் இடம், எங்கள் பள்ளி, சயின்ஸ் டீச்சர். கூடவே நிர்வாகத்தின் ஆணையும் வந்தது. புதிய பாடம் சயின்ஸ் டீச்சரிடம் ஒப்படைக்கப்படுகிறது, அவருடைய அறிவியல் வகுப்புகளை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வார்கள், புதிதாக ஆள் தேவையில்லை.

ஹெச்.எம். மேடத்துக்கு உண்மையிலேயே முகம் வெளிறிப்போயிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். "இப்பப் போய் வேற ஒருத்தர் லாகின்ல உக்கார வெச்சோம்னு சொன்னா ஸ்கூலுக்கே கெட்ட பேரு டீச்சர். அடுத்த வருஷம் பயிற்சியே தரமாட்டாங்க. என்னையும் நிக்கவெச்சுக் கேப்பாங்க. ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்குங்க. நான் பாத்துக்கறேன்."

"சரி மேடம்" என்றார் அண்ணி.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினேழு வருஷமாகத் தலையில் மிளகாய் அரைத்தது போதாதா? கோச்சுக்கு போன் போட்டேன். அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். பதறினாள், வருத்தப்பட்டாள், ஆனால் ஹெச்.எம். கையெழுத்தில்லாமல் ஒன்றும் மாறாது என்றாள். படியிறங்கும்போது அண்ணியின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அந்த ஃபாரம் என் டிராயர்லயே இருக்கு அண்ணி. நான் அனுப்பவே இல்ல. மறந்துட்டேன்."

என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

"நீ என்ன வேணும்னா பண்ண?"

"ஐயோ, திட்டித் தொலைங்க அண்ணி! ரெண்டு அறை வெச்சாக்கூட நல்லாயிருக்கும்."

"திட்டறதுக்குத் தெம்பில்லடி. வா, பஸ் போயிடும்."

பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வழிநெடுகக் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வாய்விட்டு அழுதேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

பள்ளி திறந்தது. சயின்ஸ் டீச்சர் பேரன் பிறந்த சந்தோஷத்தோடு வந்தவர், ஆணையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "எனக்கு இதுல ஆனா ஆவன்னா தெரியாது" என்று அண்ணியிடமே வந்து புலம்பினார். "வேண்டாம்னு எழுதிக் குடுத்தா வம்பாயிடுமோன்னு பயமா இருக்கு." அண்ணி தன் நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஆமாம், கொடுத்தார்! சோதனையின்போது எழுதி வைத்திருந்தாரே, அதே நோட்டு. என் அண்ணியை என்ன செய்வது சொல்லுங்கள்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலை ஏழேகாலுக்கு போன். சயின்ஸ் டீச்சர் லீவு. அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு வகுப்புக்கு அண்ணி வர வேண்டும். இன்றைக்கு நிர்வாகச் செயலாளர் அந்த வகுப்பைப் பார்க்க வருகிறார், ஏதாவது கேட்டால் லீவுக்கு வந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதை மேடம் பார்த்துக்கொள்வார்.

"போகாதீங்க அண்ணி. கூப்பிட அவங்களுக்கு வாய் எப்படி வந்துச்சு? கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?"

"நான் போகலைன்னா முப்பது பிள்ளைங்க சும்மா உக்காந்திருக்கும்" என்று பையை மாட்டிக்கொண்டார்.

வகுப்பு என் லேபில்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், எல்லாம் புது முகங்கள். திரையைத் திறந்ததும் விளையாட்டின் பெயர், அதன் கீழே உருவாக்கியவர் என்று சயின்ஸ் டீச்சர் பெயர். பிள்ளைகள் விளையாடினார்கள். அண்ணி வழக்கம்போலப் பின்னால் போய் நின்றார். மூன்றாவது மிஷினில் ஒரு சின்னப் பெண் இரண்டு தடவை தோற்றாள். இரண்டு தடவையும் அந்தப் பிள்ளை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. மூன்றாவது தடவை துள்ளி எழுந்துவிட்டாள்.

"டீச்சர்! கண்டுபிடிச்சிட்டேன்! இவதான் சாப்பிடல. தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தா!"

செயலாளரும் ஹெச்.எம். மேடமும் அப்போதுதான் வாசலுக்கு வந்து நின்றார்கள். மேடம் அண்ணியைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். ஞாபகம் வைத்துக்கொள் என்று அர்த்தம்.

அந்தப் பெண் விடவில்லை. அண்ணி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இதைப் பண்ணவங்களுக்கு எப்படி டீச்சர் தெரியும்? எங்கம்மா வேலைக்குச் சீக்கிரம் போயிட்டா நானும் இப்படித்தான் தண்ணி குடிப்பேன். யாரு டீச்சர் இதைப் பண்ணது?"

அண்ணி திரையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.  இவர் வாயைத் திறந்தால் நாளையிலிருந்து அந்த ஏழேகால் போனும் வராது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை.

"நான்தாம்மா பண்ணேன்" என்றார்.  எல்லாருக்கும் கேட்டது.

"அது வந்து சார், இவங்க லீவு டியூட்டிக்கு வந்தவங்க, ஏதோ பேச்சுக்கு..." என்று மேடம் பூசி மெழுக ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ. டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே செயலாளர் முன்னால் போய் நின்றேன். "சார், பேச்சுக்கு இல்ல சார். நாலு வாரமும் உக்காந்து பண்ணது இவங்கதான். பேரை மாத்தற ஃபாரத்தை அனுப்பாம விட்டது நான். தப்பு என்னோடது. கேக்கறதா இருந்தா என்னைக் கேளுங்க."

செயலாளர் வயதானவர். என் கத்தலுக்கு அசரவில்லை. தாளை வாங்கி முழுக்கப் படித்தார். அது நிரப்பாத ஃபாரம்தான், படிக்க என்ன இருக்கிறது? பிறகு அண்ணியிடம் கேட்டார்.

"அந்தத் தண்ணி விஷயம் உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"பதினேழு வருஷமா தெரியாத க்ளாஸுக்குத்தான் சார் போயிட்டிருக்கேன்."

அவர் அண்ணியின் முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். "விசாரிக்கிறேன்" என்றார். போய்விட்டார். மேடம் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்தான். "பயமா இல்லையா உனக்கு?" என்று மட்டும் அண்ணியைக் கேட்டான்.

"பயமாத்தாங்க இருக்கு. வேலை போனா போகட்டும்னு சொல்ற நிலைமையிலயா இருக்கோம்? ஆனா அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டு இன்னொருத்தர் பேரைச் சொல்ல எனக்கு வரல. எவ்வளவோ தடவை சொல்லியிருக்கேன். இன்னிக்கு வரல, அவ்வளவுதான்."

அதன்பிறகு போன் வரவில்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பன்னிரண்டு நாள். அதில் நான்கு நாள் வெவ்வேறு டீச்சர்கள் லீவு, எனக்குத் தெரியும். வேறு யாரோ ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். என்னிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கினார்கள். சயின்ஸ் டீச்சரும் தானாகவே ஒன்று எழுதிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அண்ணி தினமும் ஆறு மணிக்கே குளித்து, தலைவாரி, பையில் பேனா இருக்கிறதா என்று பார்த்து, ஏழேகால் தாண்டியதும் சமையலறை அலமாரியை ஒழிக்க ஆரம்பித்துவிடுவார். ஒழித்ததையே திரும்பத் திரும்ப ஒழித்தார். நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பதின்மூன்றாம் நாள் போன் அடித்தது. அண்ணியின் கை ஈரமாக இருந்ததால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன். ஹெச்.எம். மேடம்.

"டீச்சர், இன்னிக்கு வந்துடுங்க. ஆறாம் வகுப்பு, கேம் க்ளாஸ்."

"சரி மேடம். யாரு லீவு?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"யாரும் லீவு இல்ல டீச்சர். அது உங்க க்ளாஸ். ஆர்டர் நேத்து சாயந்திரம் வந்துச்சு."

"சரி மேடம்" என்றார் அண்ணி, எப்போதும் சொல்வதுபோலவே.

நான் போட்ட கூச்சலில் அண்ணன் பாதி முகத்தில் சோப்போடு ஓடிவந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கையெழுத்துப் போட்ட ஆர்டரா?" என்றான். நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணி சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன அண்ணி, சந்தோஷமா இல்லையா உங்களுக்கு?"

"இருக்குடி. ஏன் இல்லாம? ஆனா ரொம்ப களைப்பா இருக்கு. கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்."

நேரமாகிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். மணி ஏழு இருபது. அந்த நேரத்தில் அண்ணி உட்கார்ந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.